நாற்பத்தியொன்றாவது மீட்டிங்

கரூரில் குடியை விட்டவர்களுக்கு ஏழாம் நாள் காலையில் அவரவர் கதை வாயை விட்டுப் போய்விடும். அந்த இடத்தில் வேறு யாருடைய கதையாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். போன கதை தொலைந்துவிடாது. ஊரில் குடியை விட்டவர்கள் கூடி உட்காரும் ஏதாவது ஒரு மீட்டிங்கில், முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வாராவாரம் அது வந்துகொண்டுதான் இருக்கும். எந்த மீட்டிங் என்று தேடிக் கண்டுபிடிப்பது அவரவர் பாடு.

சென்னியப்பனுக்கு ஏழாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமையில் வந்தது. நாற்பத்தி மூன்று வயது, திருமாநிலையூர் பக்கம் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் சீட் தைக்கிறவன். வீட்டை விட்டு வெளியே வந்ததிலிருந்து பட்டறையில், கட்டி முடியாத பஸ்ஸுக்குள்தான் ஜாகை. பஸ் முடிந்து கிளம்பினால் பாயையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு மாறிக்கொள்வான். அன்று காலை குழாயடியில் பல் விளக்கி, வாய் கொப்பளித்துத் துப்பினான். வாய் தானாகத் திறந்து, "நான் முப்பத்தியொரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன்" என்றது. பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த வெல்டர், "ஓ, ஏழு நாள் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு போனார்.

கதை போனால் எல்லாமே போய்விடும் என்று நினைத்துவிட வேண்டாம். ரெக்சினை எப்படி இழுத்து ஆணி அடிப்பது என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. மனைவி பெயர் வளர்மதி, ராயனூரில் வீடு, மகள் மிருதுளா ஏழாவது படிக்கிறாள், தயிர்ச் சோறென்றால் முகத்தைச் சுளிப்பாள், எல்லாம் நினைவிருந்தது. குடித்துவிட்டு என்ன செய்தான், எதற்காக வெளியே அனுப்பப்பட்டான் என்கிற பகுதி மட்டும் இல்லை. முதல் ஆறு நாளில் அதைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்தான். கை நடுங்குவதையும் வியர்த்துக் கொட்டுவதையும் சமாளிக்கவே அவனுக்கு நேரம் சரியாக இருந்தது. அதுவுமில்லாமல், கையில் இருக்கும்போது அந்தக் கதையைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

பத்தாம் நாள் வீட்டுக்குப் போனான். வளர்மதி ஏற்றுமதிக்குப் போகும் மேசை விரிப்புகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள். வாசலை ஒட்டி உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றாமல் படிக்குக் கீழேயே நின்று, "வளரு, என்னை மன்னிச்சிரு" என்றான்.

"எதுக்குங்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கடையில் என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

சென்னியப்பன் யோசித்தான். "எல்லாத்துக்குந்தான்."

"எல்லாத்துக்கும்னு ஒண்ணு கெடையாதுங்க. என்ன பண்ணுனீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து கேளுங்க."

"நீயே சொல்லிப்போடு. கேட்டுக்கறேன்."

"நான் சொன்னா அது என்ர கதைங்க. உங்களுது உங்க வாயிலதான் வரோணும்" என்றாள், நூலைப் பல்லால் கடித்தபடி.

அவளுக்குப் பின்னால் அறைக்குத் திரை போட்டிருந்தது. திரைக்குக் கீழே மிருதுளாவின் பாதங்கள் தெரிந்தன. "கண்ணு" என்று கூப்பிட்டான். பாதங்கள் இரண்டடி பின்னால் போயின. அந்த இரண்டடியை அவன் பட்டறைக்கு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே வந்தான். என்ன செய்திருப்பேன், என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தான். வாய் என்னவோ கணக்கு டீச்சர் கதையைத்தான் எடுத்துக் கொடுத்தது.

அந்த வாரமே தாந்தோணிமலை மீட்டிங்கில் சேர்ந்தான். அதை நடத்துகிறவர் மாசிலாமணி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் உள்ள மீட்டிங்குகளுக்கெல்லாம் ரூட் போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தார். மொத்தம் நாற்பத்தியொன்று. மாதா கோவில் பின்கட்டு, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம், ரேஷன் கடை மாடி, தையல் பள்ளி, மாவு மில்லின் முன்பக்கம் என்று இடமும் கிழமையும் நேரமும் எழுதி, எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்றுகூடக் குறித்திருந்தார்.

"சொல்றதுக்கு ஒரு மீட்டிங், தேடறதுக்கு மத்த நாப்பது" என்றார். "உங்க வாயில இருக்கறதை வாராவாரம் இங்க வந்து சொல்லிப்போடுங்க. அதுக்குச் சொந்தக்காரரும் எங்கியாவது தேடிட்டுத்தான் இருப்பாரு. மத்த நாள்ல நீங்க உங்களுதைத் தேடுங்க."

"எதுல இருக்கும்னு ஒரு குத்துமதிப்பா சொல்ல முடியாதுங்களா?"

"ஏறி எறங்கித்தான் பாக்கோணும்ங்க."

மீட்டிங்குக்கென்று சில முறைகள் உண்டு. உள்ளே கேட்டது படி தாண்டி வெளியே வராது. வெளியே சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், அது வராது, அவ்வளவுதான். செருப்பு மாட்டும்போதே காதிலிருந்து இறங்கிவிடும், அடுத்த முறை உள்ளே போனால்தான் மறுபடி ஏறும். அப்புறம் டீ. உட்காரும்போது எல்லோர் கையிலும் ஒரு கிளாஸ் சுடச்சுடக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை குடிக்கக் கூடாது. சொல்லப்படுவது தன் கதை என்று தெரிந்தால் கிளாஸைக் கவிழ்க்க வேண்டும். நிஜமாகவே அவருடையதாக இருந்தால் ஒரு சொட்டும் கொட்டாது. அந்த நொடியே கதை சொன்னவர் வாயிலிருந்தும், கேட்டவர்கள் காதிலிருந்தும் கிளம்பிச் சொந்தக்காரரிடம் போய்விடும். அவருடையது இல்லையென்றால் டீ தொடையில் கொட்டும். அதற்கென்று மூலையில் ஒரு பழைய துண்டு மடித்து வைத்திருப்பார்கள்.

ஆறு மாதம் சென்னியப்பன் ஏறி இறங்கினான். மனுஷன் பட்டறையில் மணி ஐந்தடித்தால் போதும், ஊசியை ரெக்சினிலேயே குத்தி வைத்துவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். வேலையை விட்டவன், நிலத்தை விட்டவன், தம்பி கல்யாணத்தில் பந்தலைச் சாய்த்தவன், அப்பாவின் கொள்ளிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தவன் என்று எத்தனையோ கேட்டான். ஒவ்வொன்றையும் சட்டையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி போட்டுப் பார்த்தான். சிலது தோளில் சரியாக இருக்கும், கை நீளமாகப் போய்விடும். டீ ஆறிப் போனதும் குடித்துவிட்டு எழுந்து வருவான். பிறகு பட்டியலில் பென்சிலால் ஒரு கோடு.

புதன்கிழமை தோறும் தாந்தோணிமலையில் அவன் முறை வரும். எழுந்து நின்று, மீசையை ஒருமுறை தடவிக்கொண்டு, "நான் முப்பத்தியொரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன்" என்று ஆரம்பிப்பான். பிளாஸ்கில் காப்பிக்குப் பதில் பிராந்தி எடுத்துப் போனது, கரும்பலகையில் போட்ட கோடு வளைந்தது, ஒரு காலாண்டுப் பரீட்சையில் நாற்பத்தாறு பேருக்கும் பேப்பரைத் திருத்தாமலே நூற்றுக்கு நூறு போட்டது, அதில் ஒரு பெண் அந்தப் பேப்பரைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தது. அந்த இடத்தில் அழுதுவிடுவான். தன் கதையல்ல என்று தெரிந்தாலும் அழுகை என்னவோ அவன் கண்ணிலிருந்துதானே வந்தாக வேண்டும். டீச்சர் கதையில் ஒரு வார்த்தையைக்கூட அவன் மாற்றியதில்லை. தன்னுடையதையும் யாராவது இப்படிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமே என்ற எண்ணம்தான் காரணம்.

பசுபதிபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மீட்டிங். அங்கே ஒல்லியான எலக்ட்ரீசியன் ஒருவர் ஒரு கதை வைத்திருந்தார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு வருகிறேன் என்று மகளுக்குச் சொல்லிவிட்டுக் குடித்துவிட்டுப் போன அப்பன் கதை. மைதானத்து ஓரத்து வேப்ப மரத்தடியில் விழுந்து தூங்கிவிடுகிறான். விழா முடிந்து எல்லோரும் போய்விடுகிறார்கள். ஜெயித்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவன் கண் விழித்ததும் எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "போலாமாப்பா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை.

சென்னியப்பனுக்கு அந்த "போலாமாப்பா" வேண்டும். எப்படியாவது வேண்டும். மிருதுளா பந்தயம் எதிலும் ஓடியதாக அவனுக்கு நினைவில்லை. அதனாலென்ன, போனவாரம்கூட ஒருவர், மூத்த மகன் கல்யாணத்துக்குத் தான் போயிருந்ததையே கதை கிடைத்த பிறகுதான் தெரிந்துகொண்டார். அவன் கிளாஸைக் கவிழ்த்தான். டீ தொடையில் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் கூடத்தில் இன்னும் நாலு பேர் தொடை நனைந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. துண்டு வரிசையாகக் கைமாறி வந்தது.

வெளியே வந்ததும் கதை காதிலிருந்து இறங்கிவிட்டது, ஏக்கம் மட்டும் இறங்கவில்லை. அடுத்த வெள்ளியும் போனான். கொட்டும் என்று தெரிந்தே கவிழ்த்தான். அதற்கடுத்த வெள்ளியும். பிறத்தியார் மகளுக்கு இப்படி ஏங்கலாமா என்று அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. எலக்ட்ரீசியன் அந்த வார்த்தைக்கு வரும்போது கை தானாகத் திரும்பிவிடும். நான்காவது வாரம் டீ ஊற்றுகிற அம்மா அவனுக்கு மட்டும் ஆற்றிய டீயாகக் கொடுத்தார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு புதன்கிழமை, தாந்தோணிமலையில் அவன் டீச்சர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்ட பேப்பர் வந்தபோது, பின் வரிசையில் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெரிய மனுஷி தன் கிளாஸைக் கவிழ்த்தார். கொட்டவில்லை. தரையில் குப்புற வைத்துக் கையை எடுத்தார், அப்போதும் கொட்டவில்லை. சென்னியப்பனுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அப்படித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மா பெயர் ரூபாவதி. எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு சொல்லுகூடக் கொறையாம வெச்சிருந்தீங்க தம்பி. நாலு வருஷமா தேடறேன்."

"நல்ல கதைங்க டீச்சர்" என்றான் சென்னியப்பன். அது என்ன கதை என்று அவனுக்கு அப்போதே தெரியாது.

"நல்லதோ கெட்டதோ, என்னுதுதானே" என்று சொல்லிவிட்டு ரூபாவதி டீச்சர் அழுதார். சிரிக்கவும் செய்தார். மறுநாளே அந்த நாற்பத்தாறு பேர் வீட்டுக்கும் போய் மறு திருத்தம் போட வேண்டும் என்று சிவப்பு மைப் பேனா வாங்கக் கிளம்பினார்.

அவருக்குச் சரி. வாய் காலியான சென்னியப்பன் கதி என்ன? சொந்தக் கதையும் இல்லாமல் இரவல் கதையும் இல்லாமல் இருக்கிற வாய்க்குத் தாகம் வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மாசிலாமணி அதற்காகவே அவனுக்குத் தினம் காலையும் மாலையும் போன் போட்டார். வெள்ளியன்று பசுபதிபாளையத்துக்குப் போக வேண்டியவன் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, பிராந்திக் கடைக்கு எதிரே, பஞ்சர் ஒட்டும் இடத்தில் நின்றான். உள்ளே போகவில்லை. திரும்பியும் போகவில்லை. போய் இரண்டு மடக்கு விட்டால் இந்தத் தேடல் எல்லாம் முடிந்துபோகும், ஏழு நாளும் கிடையாது, கதையும் கிடையாது, எதுக்குங்க என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நினைப்பு அவனுக்கு அத்தனை இதமாக இருந்தது. அப்புறம் அந்த இரண்டடி பின்னால் போன பாதங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை முன்னால் வரவைக்கக் குடித்துவிட்டுப் போக முடியாது. பஞ்சர்க்காரரிடம் தண்ணீர் வாங்கி ஒரு சொம்பு முழுக்கக் குடித்தான். பட்டியலை எடுத்துப் பிரித்தான்.

நாற்பது கோடுகள் போட்டிருந்தன. கடைசி வரி மட்டும் கோடு விழாமல் கிடந்தது. வெங்கமேடு, போர்வை மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஞாயிறு காலை பதினொரு மணி. பக்கத்தில் மாசிலாமணி "பாஷை வேற" என்று எழுதியிருந்தார். ஒடிசாவிலிருந்து தறி வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் நடத்தும் மீட்டிங். பத்து மாதமாக அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம், நம்ம கதைக்கு அங்கே என்ன வேலை என்று தாண்டிக்கொண்டே வந்திருக்கிறான். கரூரில் இப்படித்தான். நாற்பது மீட்டிங்கையும் மூன்று சுற்று சுற்றுவார்களே தவிர, அந்த ஒன்றுக்கு யாரும் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனான். பதினைந்து பேர் இருந்தார்கள். ஏற்றுமதியில் கழித்துப் போட்ட போர்வைகளைத் தரையில் விரித்திருந்தார்கள், அவற்றில் நெய்திருந்த பனிமான்கள் ஓடின. கையில் ஒரு டம்ளர் கடுங்காப்பி நிறத்தில் டீ கொடுத்து நடுவில் உட்கார வைத்தார்கள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும் நிரஞ்சன் என்பவன் எழுந்து ஒடியாவில் சொல்ல ஆரம்பித்தான். சென்னியப்பனுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு பனிமான்களை எண்ணினான்.

ஒன்பதாவது மானில் "கரூர்" என்று கேட்டது. சரி, ஊர்ப் பெயர், யாரும் சொல்வதுதான். அப்புறம் "வளர்மதி" என்று கேட்டது. சென்னியப்பன் நிமிர்ந்தான். நிரஞ்சன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனான். பிறகு "மிருதுளா" என்றான். கொஞ்சம் கழித்து மறுபடி "மிருதுளா". மூன்றாவது தடவை அவன் குரல் இறங்கியது. நான்காவது தடவை அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு வாக்கியம் சொன்னான். பதினைந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் தோளில் மூக்கைத் துடைத்தான். நிரஞ்சன் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

பக்கத்தில் இருந்தவனுக்குத் தமிழ் தெரியும். "அண்ணா, இவன் சொல்றது என்னன்னா" என்று சாய்ந்து காதில் ஆரம்பித்தான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் முழுசாகத் தெரிந்திருக்கும். பொறுக்கிற ஆளா சென்னியப்பன்? பத்து மாத ஏக்கம் கையில் இருந்தது. சட்டென்று டம்ளரைக் கவிழ்த்துவிட்டான்.

ஒரு சொட்டும் கொட்டவில்லை.

பக்கத்தில் இருந்தவன், "என்னன்னா..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவன் காதிலிருந்து போய்விட்டது. எல்லோர் காதிலிருந்தும் போய்விட்டது. நிரஞ்சன் தாடையைத் தேய்த்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணா, நான் என்ன பேசினது?"

"தெரியலீங்களே தம்பி."

"ஞாயிறு ஞாயிறு அழுதிருக்கேன். இப்ப ஏன்னு தெரியல." கவிழ்ந்த டம்ளரைப் பார்த்தான். "உங்க பாப்பா நல்லாருக்கா?"

பாப்பா என்று ஒருத்தி இருந்தது மட்டும் அவனுக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் எழுந்தான். "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றான்.

கதை இப்போது அவன் வாயில் இருந்தது. முழுசாக, கனமாக, ஒடியாவில். மில் வாசலிலிருந்தே மாசிலாமணிக்குப் போன் செய்தான்.

"கெடச்சிருச்சுங்க. ஆனா பாஷை தெரியல. யாருகிட்டயாச்சும் சொல்லி அர்த்தம் கேட்டுக்கட்டுங்களா?"

"மொதல் தடவை அது, சொல்ல வேண்டிய ஆளுக்கு முன்னாலதான் வாய் தொறக்கும்ங்க. எந்தப் பாஷையில வந்தாலும் அவங்களுக்குப் புரிஞ்சிரும்" என்றார் அவர். "வேணும்னா நீங்க பாஷையைக் கத்துக்கிட்டு, உள்ளுக்குள்ளயே புரிஞ்சுக்கிட்டு அப்பறம் போலாம். ஒரு ஆறு மாசத்துல வந்துரும்."

"ஆறு மாசமெல்லாம் முடியாதுங்க" என்று சென்னியப்பன் போனை வைத்தான்.

ராயனூர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். வெயில் வாசல்வரைக்கும் வந்திருந்தது. வளர்மதி அன்றைக்கும் குஞ்சம்தான் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் படிக்குக் கீழே நின்றான். "வளரு, மன்னிச்சிரு."

"எதுக்குங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தான். ஒடியா கொட்ட ஆரம்பித்தது.

எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. வாய் சொன்னது, அவன் நின்றான். தான் சொல்வது என்ன என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது, கேட்கிறவள் முகத்தைப் பார்ப்பது. வளர்மதி கையில் இருந்த விரிப்பை மடித்து ஓரமாக வைத்தாள். முதலில் ஏதோ ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தாள். அது அவர்கள் கல்யாணமான புதிதாக இருக்க வேண்டும். பிறகு அவள் முகத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. நெடுநேரம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷமா என்று சென்னியப்பன் நினைத்தான். ஓரிடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள். அவன் வாய் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

திரை விலகியது. மிருதுளா வந்து அம்மாவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றாள். வளர்ந்திருந்தாள். பள்ளிக்கூட இரட்டை ஜடை போய் ஒற்றை ஜடையாகியிருந்தது. அவள் பெயர் அவன் வாயிலிருந்து வந்தது. அவள் தரையைப் பார்த்தாள். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவள் பக்கத்தில் இருந்த கதவைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது தடவை அவள் இடது கை மெல்ல எழுந்து இடது காதை மூடிக்கொண்டது.

அப்போதுதான் தெரிந்தது அவனுக்கு. அந்தக் கையையும் அந்தக் காதையும் பார்த்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. ஐயோ, கண்ணு, என்று கத்த வேண்டும், ஓடிப்போய் அந்தக் காலில் விழ வேண்டும் என்றிருந்தது. கதை முடியாமல் வாய் வேறு எதையும் சொல்லாது. அடித்தவன் வாய் அடித்ததைச் சொல்லிக்கொண்டே போக, கண்ணீர் மட்டும் சட்டைப் பித்தான்வரைக்கும் வழிந்தது.

"நில்லுங்க" என்பதுபோல் வளர்மதி கையைத் தூக்கினாள். வாய் நின்றது. கேட்ட கதையின் பாஷையே அவள் வாய்க்கும் வந்துவிட்டது, இரண்டு விரலைக் காட்டி, சுத்தமான ஒடியாவில் ஒரு வாக்கியம் சொன்னாள். அவன் ஒரு தடவை என்று சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. இரண்டு தடவை.

சென்னியப்பன் அந்த வாக்கியத்துக்குத் திரும்பிப் போனான். இரண்டு என்று திருத்தி அதை மறுபடி சொன்னான். வளர்மதி தலையசைத்த பிறகு மேலே போனான். கதை முடிந்ததும் வாய் மூடிக்கொண்டது. தெருவில் தண்ணீர் லாரி போகிற சத்தம் கேட்டது.

மிருதுளா காதிலிருந்து கையை எடுத்தாள். பத்து மாதமாக அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அவன் முகத்தை நேராகப் பார்த்து ஒடியாவில் பேச ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. அப்புறம் சத்தமாக. மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி இன்னும் சத்தமாக. சென்னியப்பன் படிக்குக் கீழேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவள் பேசிப்பேசி இரண்டடி முன்னால் வந்திருந்தாள்.

"அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் தெனம் வாங்க" என்றாள் வளர்மதி. "ஆறுக்கு மேல இருக்க வேண்டாம்."

சென்னியப்பன் இப்போது தினமும் ஐந்து மணிக்கு ராயனூர் போகிறான். அவனும் மிருதுளாவும் ஒடியாவில்தான் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் அந்த மொழி தெரியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். நேற்று அவள் பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ சொன்னாள், முக்கால் மணி நேரம் சொன்னாள். அவன் நடுவில் ஒன்று கேட்டான், இல்லை என்று அவள் விளக்கினாள். ஆறு அடித்தது. மீதியை இன்றைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.